கட்டளைவரி வெளியீட்டை முறைமைப் பதிவேட்டில் சேர்த்தல்

கட்டளைவரியில் இயங்கும் ஒரு நிரல் திரையில் காட்டும் செய்திகளைத் திரையோடு மறைந்துபோக விடாமல், கணினியின் பொதுப் பதிவேட்டுக்கு அனுப்பி, நாள், நேரம், நிரலின் பெயர் ஆகியவற்றோடு சேமித்து வைப்பதே கட்டளைவரி வெளியீட்டை முறைமைப் பதிவேட்டில் சேர்த்தல் ஆகும். யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில் இதற்கு லாகர் என்னும் சிறு கட்டளை பயன்படுகிறது. அண்மைக்கால லினக்ஸ் வழங்கல்களில் சிஸ்டம்டி-கேட் என்னும் கட்டளையும் உண்டு. யாரும் திரைக்கு முன் அமர்ந்திராத வேளையில் தானாக ஓடும் நிரல்களுக்கு இம்முறை மிகவும் தேவைப்படுகிறது.

இக்கட்டுரையில் கட்டளைகள் தமிழ் ஒலிப்பில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டப்பட வேண்டும்.

குறிப்பேடும் பேரேடும்

விருதுநகரில் பருப்பு, எண்ணெய், மிளகாய் வணிகம் செய்வோர் கணக்கு வைக்கும் முறையை அறிந்தவர்களுக்கு முறைமைப் பதிவேட்டைப் புரிந்துகொள்வது எளிது. வணிகக் கணக்கில் குறிப்பேடு என்றும் பேரேடு என்றும் இரண்டு உண்டு. நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுவது குறிப்பேடு. அவற்றைப் பெயர்வாரியாகப் பிரித்து எழுதுவது பேரேடு. மேல்நிலை வகுப்புக் கணக்குப்பதிவியல் பாடத்தில் மாணவர்கள் முதலில் கற்பதும் இவ்விரண்டைத்தான்.

முறைமைப் பதிவேடு குறிப்பேட்டு வகையைச் சேர்ந்தது. மின்னஞ்சல் நிரல், அச்சு நிரல், பயனர் உள்நுழைவு, வன்பொருள் கோளாறு என எல்லாவற்றின் செய்திகளும் வந்த வரிசையில் அதில் ஏறுகின்றன. பெயர்வாரியாகப் பார்க்க வேண்டுமெனில் தேடும்போது பிரித்துக்கொள்ளலாம். சிஸ்டம்டி தன் பதிவேட்டுக்கு ஜர்னல் என்று பெயர் வைத்திருக்கிறது. கணக்குப்பதிவியலில் குறிப்பேட்டுக்கு ஆங்கிலப் பெயரும் அதுவே.

மூன்று ஓடைகள்

யூனிக்ஸ் வகை இயக்குதளத்தில் ஒவ்வொரு நிரலும் தொடங்கும்போது அதற்கு மூன்று ஓடைகள் திறக்கப்படுகின்றன. உள்ளீட்டு ஓடையின் எண் 0, வெளியீட்டு ஓடையின் எண் 1, பிழை ஓடையின் எண் 2. வழக்கமான விடைகள் 1 வழியாகவும், எச்சரிக்கைகளும் பிழைகளும் 2 வழியாகவும் வெளிவரும். திரையில் இரண்டும் ஒன்றாகக் கலந்தே தெரிவதால், இரண்டு தனித்தனி ஓடைகள் இருப்பதைப் பல பயனர்கள் நெடுநாள் அறிவதில்லை. பதிவேட்டுக்கு அனுப்ப முற்படும்போதுதான் இவ்வேறுபாடு தலைகாட்டுகிறது.

செங்குத்துக் கோட்டுக் குறி | குழாய் எனப்படும். இடப்பக்க நிரலின் வெளியீட்டை வலப்பக்க நிரலின் உள்ளீடாக மாற்றுவது இது. குழாய் இயல்பாக ஏந்திச் செல்வது ஓடை 1-ஐ மட்டுமே. பிழை ஓடையையும் அதில் சேர்க்க வேண்டுமானால் 2>&1 என்று எழுத வேண்டும். இரண்டாம் ஓடையை முதல் ஓடை போகும் இடத்துக்கே திருப்பு என்பது இதன் பொருள். இதை எழுத மறந்தால், பதிவேட்டில் நல்ல செய்திகள் மட்டும் சேரும். பிழைச் செய்திகள் வேறு பக்கம் போய்விடும்.

ஓர் அச்சகத்தின் எடுத்துக்காட்டு

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள்களும் நாட்காட்டிகளும் அச்சிடும் சிறு அச்சகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தைய மாதங்கள் லேபிள் வேலை, அதையொட்டி நாட்காட்டி வேலை என ஆண்டின் பிற்பகுதி முழுவதும் அங்கே ஓய்விராது. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் சிறு மாற்றத்துடன் திரும்ப அச்சிட வேண்டிய வடிவமைப்புக் கோப்புகள் அனைத்தும் ஒரு லினக்ஸ் கணினியில் உள்ளன. இரவு 11.30 மணிக்கு அவற்றை வெளிவட்டு ஒன்றுக்குப் படியெடுக்க, பிரதி என்ற பெயரில் ஒரு சிறு நிரலை எழுதிக் கிரான் என்னும் நேர அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள்.

ஆடி மாதத்தில் ஓரிரவு வெளிவட்டு நிரம்பிவிடுகிறது. வட்டில் இடமில்லை என்று நிரல் முறையாகவே பிழைச்செய்தி தருகிறது. அச்செய்தி எங்கே போகிறது?

கிரான் தான் ஓட்டும் நிரலின் வெளியீட்டை அதன் உரிமையாளருக்கு மின்னஞ்சலாக அனுப்பும் வழக்கமுடையது. பெரிய கணினிகளைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில் அக்கணினிக்குள்ளேயே அஞ்சல் பெட்டி இருந்ததால் இது பொருத்தமாக இருந்தது. இன்று மேசைக் கணினியில் நிறுவப்படும் டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களில் அஞ்சல் அனுப்பும் நிரல் பெரும்பாலும் இருப்பதில்லை. அப்போது கிரான் வெளியீட்டை எறிந்துவிட்டு, அஞ்சல் நிரல் நிறுவப்படாததால் வெளியீடு கைவிடப்பட்டது என்ற பொருளில் ஒரே ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதுகிறது. என்ன செய்தி கைவிடப்பட்டது என்பது அவ்வரியில் இராது.

ஐப்பசியில் கணினியின் முதன்மை வட்டு பழுதானால், அச்சகத்தாரின் கையில் இருப்பது ஆடி மாதம் வரையிலான கோப்புகள் மட்டுமே. மூன்று மாத வேலை போய்விடும். ஒவ்வோர் இரவும் நிரல் உண்மையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அதைக் கேட்டு எழுதிவைக்க ஓர் ஏடு இல்லை.

தோற்றம்

சிஸ்லாக் என்னும் பதிவு முறையை 1980-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கினார். சென்ட்மெயில் என்னும் தம் மின்னஞ்சல் நிரலின் செய்திகளைச் சேமிப்பதற்காகவே அவர் அதை எழுதினார். பின்னர் மற்ற நிரல்களும் அதைப் பயன்படுத்தத் தொடங்கின. லாகர் கட்டளை 4.3பிஎஸ்டி பதிப்பில் இடம்பெற்றது. சிஸ்லாக் முறை பல ஆண்டுகள் எழுதப்படாத வழக்கமாகவே நிலவியது. 2001 ஆகஸ்டில் ஆர்எஃப்சி 3164 என்ற ஆவணம் அவ்வழக்கத்தை விவரித்தது. 2009 மார்ச்சில் ஆர்எஃப்சி 5424 அதை முறையான நெறியாக மாற்றி அமைத்தது.

லினக்ஸ் உலகில் பலாஸ் ஷெய்ட்லர் 1998-இல் தொடங்கிய சிஸ்லாக்-என்ஜி, ரெய்னர் கெர்ஹார்ட்ஸ் 2004-இல் தொடங்கிய ஆர்சிஸ்லாக் ஆகியவை இம்முறையைச் செயல்படுத்தும் முக்கிய நிரல்கள். சிஸ்டம்டியின் ஜர்னல் 2011 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2023-இல் வெளியான டெபியன் 12 முதல் இயல்பு நிறுவலில் ஆர்சிஸ்லாக் சேர்க்கப்படுவதில்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் பாஸ் லினக்ஸ் நிறுவப்பட்டு வந்ததால், இங்கு கூறப்படும் கட்டளைகள் பல மாணவர் வீடுகளில் யாரும் தொடாமலே இருந்தவை.

லாகர் கட்டளை

லாகர் என்று தட்டி, இடைவெளி விட்டு, மேற்கோள் குறிக்குள் ஒரு செய்தியை எழுதினால் அது பதிவேட்டில் ஏறிவிடும். திரையில் எதுவும் தெரியாது. இதைக் கண்டு கட்டளை வேலை செய்யவில்லை என்று புதியவர்கள் எண்ணுவதுண்டு. செய்தி திரையிலும் தெரிய வேண்டுமானால் -எஸ் என்ற விருப்பத்தைச் சேர்க்கலாம்.

ஒரு நிரலின் முழு வெளியீட்டையும் அனுப்பக் குழாய் பயன்படுகிறது. அச்சகத்தின் நிரலுக்கு அது பின்வருமாறு அமையும்:

பிரதி 2>&1 | லாகர் -டி பிரதி -பி லோக்கல்0.இன்ஃபோ

இதில் -டி என்பது அடையாளப் பெயர். இதைத் தராவிட்டால் பயனரின் பெயரே அடையாளமாக எழுதப்படும். ஒரே பயனரின் பத்து நிரல்கள் ஒரே பெயரில் பதிவானால் பின்னர் பிரித்தறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு நிரலுக்கும் தனிப்பெயர் தருவது நல்லது. அப்பெயரைக் கொண்டு ஜர்னல்சிடிஎல் -டி பிரதி என்று கேட்டால் அந்நிரலின் வரிகள் மட்டும் கிடைக்கும். பேரேடு தனியாக எழுத வேண்டியதில்லை என்று மேலே குறிப்பிட்டது இதனால்தான்.

-பி என்பது முன்னுரிமை. அதில் இரண்டு பகுதிகள் உள்ளன. முதல் பகுதி செய்தி எத்துறையிலிருந்து வருகிறது என்பதைக் குறிக்கும். இயக்குதளக் கரு 0, பயனர் நிரல்கள் 1, அஞ்சல் 2 என்று தொடங்கி எண்கள் தரப்பட்டுள்ளன. 16 முதல் 23 வரையுள்ள எண்கள் லோக்கல்0 முதல் லோக்கல்7 வரை அழைக்கப்படுகின்றன. நிறுவனங்கள் தம் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ள இவை விடப்பட்டுள்ளன. இரண்டாம் பகுதி செய்தியின் கடுமை. 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் உண்டு: 0 நெருக்கடி, 1 உடனடி நடவடிக்கை தேவை, 2 மிகக் கடுமை, 3 பிழை, 4 எச்சரிக்கை, 5 கவனிக்கத்தக்கது, 6 தகவல், 7 நிரலாளருக்கான நுண்குறிப்பு. எண் குறையக் குறையக் கடுமை கூடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

துறை எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் வரும் ஒற்றை எண்ணே செய்தியின் தலையில் இடப்படுகிறது. லோக்கல்0, தகவல் என்பது 16 × 8 + 6 = 134. முன்னுரிமை எதுவும் தராவிட்டால் லாகர் பயனர் துறையையும் கவனிக்கத்தக்கது என்ற நிலையையும் எடுத்துக்கொள்ளும். அது 1 × 8 + 5 = 13. கணக்கு எளிதாயினும், நடைமுறையில் எல்லாச் செய்திகளையும் ஒரே நிலையில் அனுப்பிவிடும் பழக்கமே மிகுதி. அப்படிச் செய்தால் பிழைகளை மட்டும் காட்டு என்று கேட்க வழியில்லாமல் போகிறது. சோதனைக்காக 0 நிலையில் செய்தி அனுப்புவதையும் தவிர்க்க வேண்டும். மரபான அமைப்பில் அது உள்நுழைந்திருக்கும் அனைவரின் திரையிலும் தோன்றும்.

குழாய் மறைக்கும் தோல்வி

இம்முறையின் மிகப் பெரிய இடர் குழாயிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வெற்றி, வேறெந்த எண்ணும் தோல்வி. குழாயால் இணைக்கப்பட்ட கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் எண்ணே முழுத்தொடரின் எண்ணாகக் கொள்ளப்படும். பிரதி நிரல் தோற்றாலும், அதன் பிழைச்செய்தியைப் பெற்றுப் பதிவேட்டில் எழுதிய லாகர் தன் வேலையை ஒழுங்காக முடித்திருக்கும். ஆகவே தொடர் 0 என்றே முடியும்.

அச்சகத்தாரின் நிரலில் இதற்கு அடுத்த வரி, படியெடுத்தல் வெற்றி பெற்றால் பழைய பிரதிகளை அழித்துவிடு என்று இருப்பதாகக் கொள்வோம். இடத்தை மிச்சப்படுத்த இப்படி எழுதுவது வழக்கமே. லாகர் சேர்க்கப்படுவதற்கு முன் அவ்வரி சரியாகவே வேலை செய்திருக்கும். படியெடுத்தல் தோற்ற இரவுகளில் பழைய பிரதி அழியாது. பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் குழாயைச் சேர்த்த பிறகு, தோற்ற இரவிலும் பழைய பிரதி அழிக்கப்படும். பாதுகாப்புக்காகச் சேர்த்த ஒன்று இருந்த பாதுகாப்பையும் பறித்துவிடும் என்பதால், இதைத் தெரியாமல் லாகரைப் பயன்படுத்துவதைவிடப் பயன்படுத்தாமலிருப்பதே மேல்.

தீர்வுகள் மூன்று உள்ளன. பேஷ் கட்டளைச் சூழலில் நிரலின் தொடக்கத்தில் செட் -ஓ பைப்ஃபெயில் என்று எழுதினால், தொடரில் எந்தக் கட்டளை தோற்றாலும் தொடரே தோற்றதாகக் கொள்ளப்படும். 2024-இல் வெளியான பாசிக்ஸ் தரத்தில் இது சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் டெபியனிலும் உபுண்டுவிலும் கிரான் இயல்பாக அழைப்பது டாஷ் என்ற சிறிய சூழலை. அதன் பழைய பதிப்புகள் இவ்வரியை ஏற்பதில்லை. எனவே நிரலின் முதல் வரியிலேயே பேஷ் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது, குழாயைத் தவிர்த்து ஓடைகளைத் தனித்தனி லாகர்களுக்குத் திருப்புவது. பேஷில் > >( ) என்ற வடிவில் ஓடை 1-ஐத் தகவல் நிலையிலும், 2> >( ) என்ற வடிவில் ஓடை 2-ஐப் பிழை நிலையிலும் அனுப்பலாம். நிரலின் முடிவு எண் கெடாது, கடுமை நிலையும் சரியாக அமையும். இரண்டு லாகர்கள் தனித்தனியே ஓடுவதால் ஒரே நொடியில் வரும் வரிகளின் வரிசை சில வேளை முன்பின் ஆகலாம்.

மூன்றாவது, சிஸ்டம்டி-கேட். இதற்குப் பின் நிரலின் பெயரைத் தந்தால், அது ஓடைகள் 1, 2 இரண்டையும் ஜர்னலோடு இணைத்துவிட்டுத் தானே அந்நிரலாக மாறிவிடுகிறது. இடையில் வேறு நிரல் இல்லாததால் முடிவு எண் அப்படியே வெளிவருகிறது. கிரானுக்குப் பதிலாகச் சிஸ்டம்டியின் நேரக் கருவியைப் பயன்படுத்தினால் இதுவும் தேவையில்லை. அதன் கீழ் ஓடும் நிரல்களின் வெளியீடு இயல்பாகவே ஜர்னலில் சேரும். தோற்றவை தோற்றவை என்ற பட்டியலில் நிற்கும். புதிதாகத் தொடங்குவோர் இவ்வழியையே மேற்கொள்ளலாம்.

மின்தடையில் விடுபடும் வரிகள்

பல நிரல்கள் திரைக்கு எழுதும்போது வரிக்கு வரி வெளியிடும். அதே நிரல் குழாய்க்குள் எழுதும்போது சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை நினைவகத்தில் வைத்திருந்து மொத்தமாக வெளியிடும். இதனால் இரண்டு விளைவுகள். 11.30-க்கு எழுதப்பட்ட செய்தி 11.50-இல் பதிவாகி அந்நேரத்தையே தாங்கி நிற்கலாம். நிரல் திடீரென நின்றால், நிற்பதற்குச் சற்று முன் சொன்ன கடைசிச் சொற்கள் வெளிவராமலே போகலாம். விசாரணைக்குத் தேவைப்படுவது அந்தக் கடைசி வரிதான். பல நிரல்களுக்கு எஸ்டிடிபஃப் -ஓஎல் என்ற கட்டளையை (எல் மட்டும் பெரிய எழுத்தில்) முன்னால் சேர்த்தால் வரிக்கு வரி வெளியிடும்.

பதிவேட்டு நிரலும் இவ்வாறே சேர்த்துவைத்து எழுதுகிறது. ஜர்னல் இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வட்டில் உறுதிப்படுத்தும். கடுமை 0, 1, 2 ஆகிய நிலைச் செய்திகள் வந்தால் மட்டும் உடனே உறுதிப்படுத்தும். ஐப்பசி மழையில் இடி மின்னலோடு மின்சாரம் நின்றால், தடையிலா மின்வழங்கி இல்லாத கணினியில் அந்த ஐந்து நிமிடங்கள் காணாமல் போகக்கூடும். இது தவிர, ஜர்னல் சில வழங்கல்களில் நினைவகத்தில் மட்டும் எழுதப்பட்டுக் கணினி மீண்டும் தொடங்கும்போது முழுவதும் அழிந்துவிடும். /வார்/லாக்/ஜர்னல் என்ற அடைவு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் உருவாக்கி ஜர்னல் நிரலை மீண்டும் தொடங்கினால் பதிவுகள் வட்டில் நிலைக்கும்.

அறைக்கு வெளியே ஒரு பிரதி

விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழிற்சாலைகளில் மருந்து கலக்கும் அறைகள், மருந்து செலுத்தும் அறைகள், இருப்பு அறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுத் தனித்தனியே கட்டப்பட்டிருப்பதைச் சாலையில் செல்வோரும் காணலாம். ஓர் அறையில் நேர்வது அடுத்த அறைக்குப் பரவக்கூடாது என்பதே இதன் நோக்கம். வெடிபொருள் விதிகள் 2008 இவ்விடைவெளிகளை வரையறுக்கின்றன. கலவை அறையில் விபத்து நேர்ந்தால், அன்று அங்கே என்ன மருந்து எவ்வளவு இருந்தது, எத்தனை பேர் இருந்தார்கள் என்ற கேள்விகளுக்கு அந்த அறைக்குள் இருந்த எதுவும் விடை சொல்லாது. வேறிடத்தில் எழுதப்பட்டிருந்தால்தான் உண்டு. இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்கும்போது அவர் அன்று வேலைக்கு வந்திருந்தார் என்பதைக் காட்டுவதும் அத்தகைய எழுத்தே.

கணினிப் பதிவேட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். வட்டு பழுதாவதைப் பற்றிய செய்திகளை அதே வட்டில் எழுதினால் வட்டோடு அவையும் போகும். வெளியிலிருந்து கணினிக்குள் ஊடுருவியவர் தம் தடயத்தை அழிக்க முதலில் தேடுவதும் பதிவேட்டையே. இதனால் சிஸ்லாக் தொடக்க காலத்திலிருந்தே செய்திகளை வேறொரு கணினிக்கு அனுப்பும் வசதியைக் கொண்டுள்ளது.

ஆர்சிஸ்லாக் அமைப்புக் கோப்பில் தொலைக் கணினியின் பெயருக்கு முன் @ என்ற குறியை ஒருமுறை இட்டால் செய்திகள் யுடிபி முறையிலும், @@ என்று இருமுறை இட்டால் டிசிபி முறையிலும் செல்லும். யுடிபி முறைக்கு மரபான வாயில் எண் 514. அஞ்சலட்டையைப் பெட்டியில் போடுவது போன்றது யுடிபி. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. டிசிபியில் இணைப்பு ஏற்பட்ட பிறகே செய்தி செல்லும். இரண்டிலும் செய்தி மறைக்கப்படாமல் செல்வதால், அலுவலக வலையைத் தாண்டி இணையம் வழியாக அனுப்புவோர் டிஎல்எஸ் பாதுகாப்பைப் பயன்படுத்த வேண்டும். அதற்குரிய வாயில் எண் 6514.

தொலைக் கணினி என்றதும் பெரிய சர்வர் தேவை என்று எண்ண வேண்டியதில்லை. பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்ட பழைய கணினி ஒன்று போதும். அது அதே மேசையின் கீழ், அதே மின்னிணைப்பில் இருந்தால் பயன் பாதியாகக் குறையும்.

நேரம், ஆண்டு, 180 நாள்

ஆர்எஃப்சி 3164 விவரிக்கும் பழைய வடிவில் மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவை மட்டுமே உண்டு. ஆண்டு இல்லை, எந்த நாட்டு நேரம் என்பதும் இல்லை. அக்டோபர் 14 என்ற வரி சென்ற ஆண்டினதா இவ்வாண்டினதா என்று கோப்பைப் பார்த்து ஊகிக்க வேண்டும். ஒரு வருகைப் பதிவேட்டில் ஆண்டு எழுதப்படாவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் கையொப்பமிட மாட்டார். பல்லாயிரம் கணினிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் இப்படித்தான் எழுதிவந்தன. ஆர்எஃப்சி 5424 வடிவில் ஆண்டும், இந்திய நேரமானால் +05:30 என்ற குறிப்பும் இடம்பெறுகின்றன.

இந்தியாவில் இது இன்று வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று, சட்டத்தையும் பற்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 70பி பிரிவின் கீழ், இந்தியக் கணினி அவசரநிலை உதவிக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று ஆணைகளை வெளியிட்டது. சேவை வழங்குவோர், தரவு மையங்கள், நிறுவனங்கள், அரசு அமைப்புகள் ஆகியோர் தம் தகவல் தொழில்நுட்பக் கருவிகளின் பதிவுகளை 180 நாள்களுக்குச் சேமித்துவைக்க வேண்டும். கணினிக் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்திசைக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை கால நீட்டிப்பு தரப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது இயல்பு அமைப்பின் அளவு. பதிவேட்டுக் கோப்பு பெருத்து வட்டை நிரப்பாமலிருக்க லாக்ரொட்டேட் என்னும் நிரல் பழையவற்றைச் சுழற்சி முறையில் நீக்குகிறது. உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் சிஸ்லாக் கோப்பு வாரம் ஒருமுறை மாற்றப்பட்டு, நான்கு பழைய கோப்புகள் மட்டும் வைக்கப்படுகின்றன. அதாவது ஏறத்தாழ ஒரு மாதம். 180 நாள் என்பது 26 வாரத்துக்கு நெருக்கம். எதையும் மாற்றாமல் விட்டால் ஆணை கேட்பதில் ஆறில் ஒரு பங்கே கையில் இருக்கும். அமைப்புக் கோப்பில் 4 என்பதை 26 என்று திருத்துவது ஒரு நிமிட வேலை. ஜர்னலைப் பயன்படுத்துவோர் நாள் கணக்கைவிட இடக் கணக்கையே பார்க்க வேண்டும். அது இயல்பாகத் தன் கோப்பு முறைமையின் பத்தில் ஒரு பங்குக்கு மேலோ 4 ஜிகாபைட்டுக்கு மேலோ வளர்வதில்லை. அவ்வளவு ஆனதும் பழையவற்றை நீக்கத் தொடங்கும்.

தமிழில் எழுதப்படும் செய்திகள்

செய்தியைத் தமிழிலேயே எழுத முடியுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. முடியும். யூடிஎஃப்-8 குறியாக்கத்தை ஆர்எஃப்சி 5424 வெளிப்படையாக ஏற்கிறது. ஆனால் நீளத்தில் கவனம் வேண்டும். யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும், தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டும் தேவை. உயிர்மெய் எழுத்துகள் பலவற்றில் மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறியீடுகள் உள்ளன. சிவகாசி என்ற நான்கெழுத்துச் சொல் ஏழு குறியீடுகளாகி 21 பைட் இடம்பெறுகிறது. லாகர் இயல்பாக ஏற்கும் செய்தி அளவு 1024 பைட். ஆகவே ஏறத்தாழ 340 தமிழ்க் குறியீடுகளுக்குள் செய்தி முடிய வேண்டும். கூடுதலாக வேண்டுமானால் -எஸ் என்ற விருப்பத்தைப் பெரிய எழுத்தில் தந்து அளவை உயர்த்தலாம். அச்சகத்தில் இரவுக் காவலரோ கணக்கரோ பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய செய்தி தமிழில் இருப்பதே முறை.

எழுதக் கூடாதவை

கடவுச்சொற்கள், வாடிக்கையாளரின் வங்கி எண்கள், தொலைபேசி எண்கள் ஆகியவை பதிவேட்டில் ஏறக் கூடாது. தானாக ஓடும் நிரல்களில் நுண்குறிப்புகளை முழுமையாக வெளியிடும் விருப்பத்தைத் தற்காலிகமாக இட்டு, பின்னர் நீக்க மறப்பதால் இவை பெரும்பாலும் நுழைகின்றன. பதிவேடு வேறு கணினிக்கும் செல்கிறது, மாதக்கணக்கில் நிற்கிறது என்பதால் ஒருமுறை ஏறியதை முழுமையாக நீக்குவது கடினம்.

சரிபார்த்தல்

அமைப்பு முடிந்ததும் லாகர் மூலம் ஒரு சோதனைச் செய்தியை அனுப்பி ஜர்னல்சிடிஎல் -டி கட்டளையால் பார்ப்பது வழக்கம். வெற்றிச் செய்தி வருவதை மட்டும் பார்த்தால் போதாது. தோல்வியையும் வலிந்து உண்டாக்கிப் பார்க்க வேண்டும். அச்சகத்தின் எடுத்துக்காட்டில் வெளிவட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் பிரதி நிரலை ஓட்டலாம்.

அப்போது பலருக்கு வியப்பான ஒன்று நேரும். படியெடுத்தல் முடிந்தது என்றே பதிவேட்டில் வரி ஏறும். வெளிவட்டு இணைக்கப்பட வேண்டிய அடைவு, வட்டு இல்லாதபோதும் வெற்று அடைவாக முதன்மை வட்டில் இருக்கும். நிரல் அதற்குள்ளேயே கோப்புகளை எழுதிவிடும். அசலும் பிரதியும் ஒரே வட்டில் இருக்க, நிரல் பொய் சொல்லாமலே தவறான செய்தியைத் தந்திருக்கும். படியெடுக்கும் வரிக்கு முன் மவுண்ட்பாயின்ட் என்ற கட்டளையால் அவ்வடைவில் வட்டு இணைந்துள்ளதா என்று சோதித்து, இல்லையெனில் பிழை நிலையில் ஒரு வரி எழுதி அங்கேயே நின்றுவிடுமாறு நிரலைத் திருத்த வேண்டும். பிறகு வட்டை மேசையிலேயே வைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.